விளம்பி வருடத்துத் தை மாதம்

பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று தேடிப் பார்ப்பது சிலருக்கு ஓய்வுகால விருப்பம். வம்சாவளியை வரைந்து, கண்ணாடி போட்டு, சுவரிலே மாட்டி வைப்பார்கள். மலையகத்தில் எங்கள் தகப்பன்மார் காலத்தில் அந்தத் தேடல் விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவில்லை. சட்டம் அதனைக் கட்டாயமாக்கியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த நாட்டிலே பிறந்த ஒருவரை நோக்கி, உன் தந்தை எங்கே பிறந்தார் என்று கேட்டது. தந்தை இங்கே பிறந்தவரல்லர் என்றால், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. வாயாற் சொன்னால் போதாது; காட்ட வேண்டும். காட்டுவதற்குக் கடதாசி வேண்டும்.

அப்படியொரு கடதாசியை எங்கள் குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேடியது. அந்தத் தேடலின் முடிவில் நான் கண்டுகொண்டது என் பூட்டியை. அப்பாவின் அப்பாவைப் பெற்றவர் அவர். எங்கள் குடும்பத்தில் இந்த மண்ணிலே முதன்முதல் கால் வைத்து, இங்கேயே வாழ்ந்து முடிந்தவரும் அவரே. சட்டம் கேட்ட வரிசையில் அவருக்கு இடமே இருக்கவில்லை. தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஆண்களின் பிறப்பைத்தான் அது கேட்டது. அவருடைய பெயர் "ஆயி" என்று முடியும் ஒரு குலதெய்வப் பெயர். இந்த உரையில் அவரைப் பூட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. 34 ஆண்டுகள் தோட்டக் கந்தோரிலே கிளாக்கராக இருந்தவன். செக்றோல் எழுதுவதே என் தொழில். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யாருக்கு எவ்வளவு முற்பணம் என்பதையெல்லாம் மாதம் தவறாமல் எழுதியிருக்கிறேன். ஆகவே ஒரு பழைய பதிவேட்டைக் கையில் எடுத்தால், அதில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பு, அதை எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்றுதான் என் மனம் கேட்கும்.

முதலில் குடும்பத்தின் பதிவுகளைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. அதற்குள் துளையிட்ட வட்டத் தகரம் ஒன்று, பதிவேடுகளைத் தேடக் கட்டிய கட்டணத்துக்கான பற்றுச்சீட்டு ஒன்று, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஆங்கிலக் கடிதம் ஒன்று, பழைய கூப்பன் புத்தகங்கள் இரண்டு. எழுத்திலுள்ள ஆவணங்கள் அவ்வளவுதான். மற்றவையெல்லாம் வாய்மொழி. அப்பா 1920இல் பிறந்தவர். பூட்டி 1934இல் இறந்தார். ஆகவே 14 வயது வரையில் அவருடைய மடியிலும் முந்தானையிலும் வளர்ந்த அப்பா, அவர் சொன்னவற்றை எங்களுக்குச் சொன்னார்.

"தாது வருசப் பஞ்சத்துல வந்த கட்டை நான்" என்பாராம் பூட்டி. வயது எத்தனை என்று யார் கேட்டாலும் இதுதான் பதில். அப்போது அவர் பத்து வயதுச் சிறுமி. தாயும் மகளுமாக ஒரு கங்காணியின் ஆட்களோடு புறப்பட்டார்கள். இராமேசுவரக் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, பிறகு நடை. எத்தனை மைல் என்று பூட்டிக்குத் தெரியாது. எந்த இடத்தில் நல்ல தண்ணீர், எந்த இடத்தில் குடிக்கக்கூடாத தண்ணீர் என்பதைத்தான் அவர் வரிசையாகச் சொல்வார். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு மடத்தில் தாய்க்கு வயிற்றோட்டம் கண்டது. மறுநாள் காலையில் கூட்டம் புறப்பட்டபோது தாய் எழுந்திருக்கவில்லை. யாரோ ஒரு பெண் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இந்தக் கதையை நான் பொதுப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தேன். தாது வருடம் என்பது 1876 ஏப்ரிலில் தொடங்கி 1877 ஏப்ரிலில் முடிந்த ஆண்டு. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்துக்கு மக்கள் இட்ட பெயரே தாது வருடப் பஞ்சம். இலங்கையில் அப்போது கோப்பிக் காலம். தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர்கள் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி சொன்ன ஆண்டும் பாதையும் நோயும் எழுதி வைத்தவற்றோடு ஒத்துப்போயின. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் பலர் நடந்து வந்தபோது, நானும் மாத்தளையில் வீதியோரம் நின்றேன். நடந்து வந்தவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வருடமும் வழியும் கிடைத்துவிட்டன. பூட்டியின் பெயர் எங்காவது இருக்கிறதா? இங்கேதான் நேயர்கள் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும், பிற்காலத்தில் பீஜித் தீவுக்கும் கப்பலேறியவர்களுக்கு ஒப்பந்தக் கடதாசி இருந்தது. ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உடலில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து அந்த மக்களைக் கட்டிப்போடுவதற்காக எழுதப்பட்டது. ஆனால் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைத் தேடி வருகிறார்கள். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. கங்காணி ஆள்கட்டி அழைத்து வந்தார். அரசாங்கத்தின் பார்வையில் இவர்கள் தாமாக வந்து போகின்ற ஆட்கள். ஆகவே கரையில் நின்று தலையை எண்ணினார்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, பிள்ளை இத்தனை. பூட்டி அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு பிள்ளை.

அடுத்ததாக நான் பார்த்தது பேர்குசன் டிரெக்டரி. கோப்பிக் காலத்திலிருந்து வெளிவந்த பெரிய விவரக் கொத்து அது. தோட்டத்தின் பெயர், உடைமையாளர், துரை, பயிரிட்ட ஏக்கர் அளவு எல்லாம் அதில் உண்டு. அந்த ஏக்கர்களை வெட்டித் திருத்தியவர்களின் பெயர் கிடையாது. அதற்கு அது எழுதப்படவுமில்லை. இலக்கியத்திலாவது இருக்குமா என்று பார்த்தால், 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதி வெளியிட்ட கோப்பிக் கிருஷிக் கும்மி என்ற நூல் இருக்கிறது. கோப்பித் தோட்டத்தின் வேலைகளைத் தமிழிலே பாடிய முன்னோடி நூல். ஆனால் அதுவும் வேலை வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து வேலையைப் பார்த்த நூல்தான். வேலை செய்தவர்களின் குரல் ஏட்டிலே ஏறாமல் வாய்ப்பாட்டாகவே நெடுங்காலம் கிடந்தது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டம் தோட்டமாகத் திரிந்து அப்பாடல்களைத் திரட்டியதனால்தான் ஒரு பகுதியாவது அச்சிலே நமக்குக் கிடைத்தது.

பேர்குசன் டிரெக்டரியிலிருந்து எனக்கு ஒரு பயன் கிடைத்தது. பூட்டி முதலில் வேலை செய்த தோட்டத்தை எங்கள் குடும்பத்தார் ஒரு தமிழ்ப் பெயரால்தான் சொல்வார்கள். அப்படியொரு தோட்டம் எங்கள் பகுதியில் இன்று இல்லை. கோப்பிக் காலத்துத் தோட்டங்கள் பல சிறியவை. தேயிலை வந்த பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய தோட்டங்களாகிவிட்டன. பழைய பட்டியல்களையும் இன்றைய டிவிசன்களின் பெயர்களையும் ஒப்பிட்டு, முதியவர்களிடம் விசாரித்து, அந்தச் சிறு தோட்டத்துக்குக் கடதாசியில் ஸ்கொட்லாந்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது என்று கண்டுபிடித்தேன். அது இப்போது நான் வேலை செய்த தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. 34 ஆண்டுகள் அந்த மலைக்குச் செக்றோல் எழுதியும் எனக்கு அது தெரியாமலே இருந்தது.

1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்துவிட்டது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, கோப்பி நின்ற மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. இடையிலே வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். பூட்டியையும் அவருடைய கங்காணி அழைத்தாராம். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். "எங்க ஆத்தாளக் காட்டுல போட்டுட்டு வந்தவ நான். அவள விட்டுட்டு எந்த ஊருக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு அவர் தங்கிவிட்டார். கோப்பிக் கட்டைகளைப் பிடுங்கி அடுக்கினார். தேயிலைக் கன்று வைக்கக் குழி வெட்டினார். பின்னாளில், இந்த மக்களுக்கு இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கம் இருந்ததா என்று விசாரணைகளில் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் பூட்டியின் இந்தச் சொற்கள்தான் என் காதில் விழும். ஆனால் அது எந்தக் கோப்பிலும் இல்லை.

பூட்டிக்குப் பிறந்த பிள்ளைகளில் தங்கியது ஒன்றுதான். அவர் என் தாத்தா. "விளம்பி வருசம், தை மாசம், மாட்டுப் பொங்கலன்று" பிறந்தவர் என்று பூட்டி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவும் எங்களிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளை வளர்ந்த பிறகு, தலைமுடி இறக்கும் நேர்த்திக்காகப் பூட்டி ஒரேயொரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பினார். அந்தத் திரும்புகையின் சாட்சிதான் பெட்டியில் கிடக்கும் தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. தோட்டத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் அடித்த தகரத்தைக் கயிற்றில் கோத்து ஆட்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று தெரிந்துகொள்வதற்கு அது. பத்து வயதில் பெயரில்லாமல் வந்தவர், இரண்டாம் முறை வரும்போது எண்ணோடு வந்தார்.

அவருடைய கணவரான பூட்டனாரின் பெயர் ஒரு கடதாசியில் இருந்ததாம். அது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பட்ட கடனைப் புதிய தோட்டம் கொடுத்துத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை மலையகத்து மக்களைக் கட்டி வைத்திருந்தது இந்தத் துண்டுதான். அந்தச் சீட்டைப் பூட்டி அடுப்பிலே போட்டுவிட்டார். கடன்பட்டதற்கான அத்தாட்சியை யார் பாதுகாத்து வைப்பார்கள்? பிற்காலத்தில் எங்கள் குடும்பம் இந்த நாட்டில் இருந்ததற்கான அத்தாட்சியாக அது பயன்படக்கூடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனி அப்பாவின் காலத்துக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் அப்பா கலங்கவில்லை. "என் தகப்பன் இங்கே பிறந்தவர். நான் விண்ணப்பித்து வாங்க வேண்டியதில்லை. எனக்கு இருக்கிறது" என்றார். சட்டப்படியும் அவர் சொன்னது சரிதான். தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒன்று மட்டும் வேண்டும். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பா நகரத்துக்குப் போய், மனு எழுதும் ஒருவரைப் பிடித்து, விபரத்தைச் சொன்னார். மனு எழுதியவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, விளம்பி என்றால் 1898 என்று எழுதிக் கொடுத்தார். தோட்டத்தின் பெயராக அப்பா அறிந்த பெரிய தோட்டத்தின் பெயரை எழுதினார்கள். கட்டணம் கட்டினார்கள். பல வாரங்களின் பின்பு, 1898ஆம் ஆண்டில் அப்படியொரு பதிவு இல்லை என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் அப்பாவும் சித்தப்பாவும் விண்ணப்பித்தார்கள். 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள். திருமணமானவர்கள் 1939 ஜனவரி முதல் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிரிவு இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் தாயின் அஸ்தியைக் கரைக்க 1942இல் இராமேசுவரம் போனவர்கள். போன இடத்தில் சித்தப்பா காய்ச்சலில் விழுந்தார். யுத்தக் காலம், தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு 1939இலேயே தடை செய்திருந்தது. திரும்பி வருவதற்கான அனுமதிகளைப் பெற்று அவர்கள் வந்து சேர்ந்தபோது 14 மாதங்கள் கழிந்திருந்தன. இரண்டு மாதம் அதிகம். பெட்டியிலுள்ள ஆங்கிலக் கடிதம் அதைத்தான் சொல்கிறது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்தச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, மிஞ்சியிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சியோரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் பங்கிட்டார்கள். அந்தப் பங்கீட்டில் சித்தப்பா இந்தியாவின் பக்கம் விழுந்தார். 1974இல் அவர் புறப்பட்டார். தலைமன்னாருக்குப் போகும் அந்த றெயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பூட்டி வந்து இறங்கிய அதே மன்னார்க் கரைப் பக்கமாக, அவருடைய பேரன் இந்த நாட்டை விட்டுப் போனார். நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவரைச் சிலோன்காரர் என்று அழைத்தார்களாம்.

அப்பா எங்கும் போகவில்லை. அவருடைய விண்ணப்பம் கந்தோர்களிடையே கிடந்தது. 1979இல் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் அவர் இறந்தார். எனக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு சத்தியக் கடதாசியின் பேரில் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது எனக்கு 42 வயது. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. தேடல் அத்தோடு முடிந்திருக்கலாம்.

முடிக்கவிடாதவர் சித்தப்பா. நான் ஓய்வு பெற்ற பிறகு, 2002இல், நீலகிரியிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். தாத்தா இங்கே பிறந்தது உண்மைதானா, அல்லது பூட்டி நமக்குச் சொன்ன கதையா என்று தெரிந்துகொள்ளாமல் போக மனமில்லை என்பதே அந்த வரி. கிழவியின் சொல்லைச் சந்தேகிக்கும் நிலைக்கு அவரைக் கடதாசிகள் கொண்டுவந்திருந்தன.

பெட்டியைத் திறந்து பழைய பற்றுச்சீட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். 1898 என்று தெளிவாக எழுதியிருந்தது. அது பொங்கலுக்கு முந்திய கிழமை. சுவரிலே தொங்கிய புதிய நாட்காட்டியில் ஆங்கில ஆண்டு மாறிவிட்டது. தமிழ் ஆண்டு இன்னும் மாறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளம்பி வருடம் 1898 ஏப்ரிலில், சித்திரையோடு பிறக்கிறது. அதனுடைய தை மாதம் எப்போது வரும்? ஒன்பது மாதம் கழித்து, 1899 ஜனவரியில் வரும்! பூட்டி சொன்னது சரி. அதை ஆங்கிலத்துக்கு மாற்றிய கணக்கே பிழை. பதிவகத்தில் நாம் எந்த ஆண்டை எழுதிக் கொடுக்கிறோமோ அந்த ஆண்டின் புத்தகங்களைத்தான் பார்ப்பார்கள். தேடியவர் ஒழுங்காகத்தான் தேடியிருப்பார். நாங்கள்தான் தவறான ஆண்டைக் கொடுத்திருக்கிறோம்.

1899 ஜனவரி என்றும், ஸ்கொட்லாந்து ஊரின் பெயர் கொண்ட சிறு தோட்டத்தின் பெயரையும் எழுதி விண்ணப்பித்தேன். பதிவு இருந்தது. நாள், ஜனவரி நடுப்பகுதி. பிறந்த இடம், அந்தத் தோட்டம். அறிவித்தவர், தோட்டத்துரை. பிள்ளையின் பெயர், தாத்தாவுக்கு வைத்த குலதெய்வப் பெயர். தகப்பன் பெயருக்குரிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும். மாரியம்மன் முன்னிலையில் தாலி கட்டிய கலியாணத்துக்குப் பதிவுப் பத்திரம் ஏது? ஆக, அந்தக் கடதாசியில் இருந்த ஒரே பெற்றோர் பூட்டிதான். ஆண்களின் வரிசையைக் கேட்ட சட்டத்துக்கு நாங்கள் காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சி, ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய சாட்சி.

அந்தப் பெயரும் சரியாக இல்லை. "ஆயி" என்ற ஈறு, ஆங்கில எழுத்தில் ஏறும்போது "ஐயா" என்றாகி, தாயின் கட்டத்தில் ஓர் ஆணின் பெயர் இருப்பதுபோலத் தெரிகிறது. இது எங்கள் பூட்டிதானா என்று நானே என்னைக் குறுக்கு விசாரணை செய்தேன். மாதம் ஒத்துப்போகிறது, தோட்டம் ஒத்துப்போகிறது, பிள்ளையின் பெயர் ஒத்துப்போகிறது, தாயின் பெயரிலும் ஈறு தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போகிறது. அதற்கு மேல் எனக்குச் சந்தேகமில்லை. பூட்டியின் இறப்புப் பதிவையும் பின்னர் பெற்றேன். 1934. வயது 60 என்று குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். தாது வருடக் கணக்கின்படி 68 இருக்க வேண்டும். தொழில் என்ற கட்டத்தில் கூலி என்றிருக்கிறது.

அந்தப் பிழைகளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்றிரவு படுத்தபோது வேறொரு நினைவு வந்தது. நானும் 34 ஆண்டுகள் அப்படித்தானே எழுதினேன்? பிரட்டுக்களத்தில் நீளமான பெயரைச் சொன்னால் பாதியோடு நிறுத்தி எழுதியிருக்கிறேன். வயது தெரியாத பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வயதை எழுதியிருக்கிறேன். ஒரே பெயருடைய இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறேன். சம்பளக் கணக்கு சரியாக வந்தால் போதும் என்றே நினைத்தேன். என்றோ ஒருநாள் ஒரு பேரன் அந்தப் புத்தகத்தில் தன் பாட்டியைத் தேடி வருவான் என்று நினைக்கவில்லை. பூட்டியின் பெயரைப் பிழையாக எழுதிய அந்தப் பெயர் தெரியாத எழுத்தனுக்கும் எனக்கும் அதிக தூரம் இல்லை.

பதிவேட்டில் இருப்பதுதான் சரித்திரம், வாய்ப்பேச்செல்லாம் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காரியத்தில் வருடத்தையும் மாதத்தையும் நோயையும் பாதையையும் சரியாகச் சொன்னது கிழவியின் வாய். பெயரையும் வயதையும் பிழையாகச் சொன்னது பதிவேடு. அதற்காகப் பதிவேட்டைத் தள்ளிவிடவும் முடியாது. அது இல்லாவிட்டால் சித்தப்பாவின் சந்தேகம் தீர்ந்திருக்காது. பெரியவர்கள் உள்ள வீடுகளில் இருக்கும் நேயர்களுக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்றே. அவர்கள் சொல்லும் தமிழ் வருடத்தையும் மாதத்தையும், தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயரையும், சொன்னபடியே எழுதி வையுங்கள். மாற்றி எழுத வேண்டியதில்லை. மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறப்புப் பதிவின் பிரதியொன்றைச் சித்தப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். 1949இல் இந்தக் கடதாசி கையில் இருந்திருந்தால் ஒப்பாரிக் கோச்சியில் அவர் ஏறியிருக்க வேண்டியதில்லை என்பதை நான் எழுதவில்லை. அவருக்கே அது தெரியும். ஒரு மாதம் கழித்து அதே பிரதி எனக்குத் திரும்பி வந்தது. கடிதம் எதுவும் உள்ளே இல்லை. தாயின் பெயர் இருந்த கட்டத்தில், பிழையாக இருந்த ஈற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு, அதன்மேல் நடுங்கும் தமிழ் எழுத்தில் பூட்டியின் பெயரை முழுதாக எழுதியிருந்தார். அந்தப் பிரதி இப்போது தகரப்பெட்டியில், கயிறற்ற அந்த வட்டத் தகரத்தோடு இருக்கிறது.